ஆரஞ்சுச் சட்டை – கடிதம்

வணக்கம் சார்,

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம், வந்து ஒன்பது வருடமாகிறது. ஜூன் முதல் வெள்ளிக்கிழமை தோழிகள் எல்லாரும் ஆரஞ்சு நிறத்தில் வருகிறார்களாம், துப்பாக்கிக்குப் பலியான ஒரு பெண்ணின் நினைவாக. என் மகளும் கேட்கிறாள். நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன், அவள் அளவுக்குச் சட்டை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர், 'அதெல்லாம் சவுத் சைடு சமாசாரம், நமக்கெதற்கு' என்கிறார். எனக்கும் சந்தேகம்தான். சட்டை போட்டால் குண்டு நின்றுவிடுமா? அவளிடம் என்ன சொல்வது?

– ஒரு வாசகி, இல்லினாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நிற்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நிறத்தை எடுத்தது யார், ஏன் எடுத்தார்கள் என்று தெரிந்தால் மகளிடம் பேச உங்களுக்கு விஷயம் கிடைக்கும்.

அந்தப் பெண் ஹடியா பெண்டில்டன். வயது 15. சிகாகோவின் தெற்கில், உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்த சவுத் சைடில், கிங் காலேஜ் பிரெப் பள்ளியில் படித்தவள், பேண்டு வாத்தியக் குழுவோடு ஆடுகிறவள். 2013 ஜனவரியில் ஒபாமா இரண்டாம் முறை பதவியேற்றபோது அந்தக் கொண்டாட்டத்தில் ஆட அவள் குழு வாஷிங்டன் போய் வந்தது. அடுத்த வாரம், ஜனவரி 29, பரீட்சை முடிந்து நண்பர்களோடு பக்கத்துப் பூங்காவுக்குப் போகிறாள். மழை. எல்லாரும் ஒரு கூரைக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறார்கள். தெருக் கோஷ்டி ஒன்றைச் சேர்ந்தவர்கள் இவர்களை எதிர் கோஷ்டிப் பையன்கள் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். இவளுக்கு முதுகில் பட்டது. ஒபாமாவின் சிகாகோ வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தூரம்தான். கைதான இருவருக்கும் வயது 18, 20.

ஆரஞ்சு என்றதும் நமக்குக் காவிதான் ஞாபகம் வரும், உங்கள் வீட்டுக்காரருக்கும் வந்திருக்கலாம். இது வேறு. மான் வேட்டைக்குக் காட்டுக்குள் போகிறவர்கள் அங்கே ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொள்வார்கள், புதர் அசைவதைப் பார்த்து இன்னொரு வேட்டைக்காரன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே என்று. ஆள் தெரியாமல் சுடப்பட்ட சினேகிதிக்கு அந்த நிறத்தை எடுத்தார்கள் அவள் கூடப் படித்த பிள்ளைகள். 'நான் மனுஷி, சுடாதே' என்பதை ஒரு நகரத்துத் தெருவில் உடுத்திக் காட்ட வேண்டியிருக்கிறது என்று பதினைந்து பதினாறு வயதில் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். ஜூன் 2 அவள் பிறந்தநாள். 2015இல் அவளுக்கு 18 ஆகியிருக்க வேண்டிய அந்த நாளில் இது நாடு முழுக்கப் பரவியது.

அவள் இறந்து இரண்டு வாரத்தில் ஒபாமா நாடாளுமன்ற உரையில் அவளைப் பற்றிப் பேசினார், அவள் அம்மாவும் அப்பாவும் அவையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்திப்பழ பிஸ்கட் பிடிக்கும், லிப் கிளாஸ் பிடிக்கும், சினேகிதிகள் ஒவ்வொருவரும் தான்தான் அவளுக்கு ரொம்ப நெருக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னார். அந்தக் கடைசி விஷயத்தை மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை இன்னும் பரவலாகச் சோதிக்கும் மசோதா ஏப்ரலில் செனட்டுக்கு வந்தது, 54 பேர் ஆதரித்தார்கள், 60 வேண்டும் என்பதால் தோற்றது.

எனக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே 'கோஷ்டிகளில் சேராதீர்கள்' என்று ஒரு விளம்பரப் படத்தில் பேசியவள் ஹடியா. நல்ல பிள்ளை, அதனால் நாடே அழுதது. அதே மாதம் சிகாகோவில் 40 பேருக்கு மேல் கொலையானார்கள், மற்றவர்கள் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 'நல்ல பிள்ளை போய்விட்டதே' என்பதற்குள்ளேயே மற்றதுகள் போனால் போகட்டும் என்று ஒரு குரல் ஒளிந்திருக்கிறது. 'சவுத் சைடு சமாசாரம்' என்பதிலும் அதே குரல்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். சிகாகோவின் வசதியான புறநகரான ஹைலண்ட் பார்க்கில் 2022 ஜூலை 4 சுதந்திர தின அணிவகுப்பில் 7 பேர் சுடப்பட்டுச் செத்தார்கள், அதை உங்கள் வீட்டுக்காரர் மறந்திருக்க மாட்டார். 2020இலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், கார் விபத்தைக்கூட முந்திவிட்டது.

நம் ஊரில் இளவயதில் யாராவது போனால் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் வைப்போம். எங்கள் தெருமுனையில் ஒரு பையனுக்கு வைத்தது பதினாறாம் நாள் முடிந்து சில வாரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையானது. மழை ஒழுகாமல் அவன் முகம் காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் என்பதால், பத்து வருடம் தாண்டியும் ஒரு பெண் பேரைச் சொல்லிச் சட்டை கேட்கிறாள் என்றால் அதைச் சடங்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

சட்டை கிடைக்கவில்லை என்கிறீர்கள். துணிக்கடையில் தேடாதீர்கள். வேட்டைச் சாமான் விற்கிற பெரிய கடை ஏதாவது பக்கத்தில் இருக்கும், அங்கே சின்னப் பிள்ளை அளவிலும் வைத்திருப்பார்கள். அமெரிக்கா வந்தபோது ஒருமுறை பார்த்தேன், துப்பாக்கி அடுக்கிய கண்ணாடி அலமாரிக்கு எதிரிலேயே வரிசையாகத் தொங்கியது.