போல்ட் ஏன் மறுநாள் உடைகிறது? ஹைட்ரஜன் கேள்வி-பதில்

கேள்வி: மிக வலிமையான 12.9 கிரேடு போல்ட்டுகளை ஜிங்க் பிளேட்டிங் செய்து வாங்கினோம். இறுக்கிய அன்று ஒன்றுமில்லை. மறுநாள் மூன்றின் தலை தெறித்துக் கிடந்தது. பிளேட்டிங்குக்குப் பிறகு ஓவனில் சூடாக்கும் பேக்கிங் (baking) செய்ததாகக் கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.

பதில்: பேக்கிங் எப்போது செய்தார் என்று கேட்டீர்களா? யாரும் கேட்பதில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான். துரு நீக்கும் ஆசிட்டிலும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் அணுவாகவே எஃகுக்குள் இறங்கிவிடுகிறது. போல்ட்டை இறுக்கியதும் தலைக்கு அடியிலும் முதல் மரையிலும் இழுவிசை கூடும். ஹைட்ரஜன் அந்த இடங்களைத் தேடி மெல்ல நகர்ந்து சேரும். மறுநாள் உடைவது அதனால்தான்.

அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற, பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் ஏற்ற வேண்டும், 1 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 200 டிகிரியை ஒட்டி, 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். சனிக்கிழமை பூசியதைத் திங்கட்கிழமை ஓவனில் வைத்து 'பேக்கிங் முடிந்தது' என்று சீட்டு எழுதுவது ஏமாற்று. அதற்குள் நுண்விரிசல் விழுந்திருந்தால் எந்தச் சூடும் அதை ஒட்டாது. ஜிங்க் மேல் பாதுகாப்புப் படலம் ஏற்றும் பாசிவேஷன் பேக்கிங்குக்குப் பிறகுதான். முன்பே செய்தால் அந்தப் படலம் சூட்டில் கெட்டுப்போகும். கடினம் ராக்வெல் சி அளவில் 39ஐ (39 எச்.ஆர்.சி.) தாண்டினால் எலக்ட்ரோபிளேட்டிங்கே வேண்டாம், கரண்ட் இல்லாமல் பூசும் ஜிங்க் ஃபிளேக் பூச்சுக்குப் போங்கள். வலிமை குறைந்த 8.8 கிரேடுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

கேள்வி: ஆறப்போட்டால் ஹைட்ரஜன் தானாக வெளியேறாதா?

பதில்: ஆசிட்டில் நனைத்த இரும்பு சில நாளில் பழைய பலத்துக்குத் திரும்புவதை 1875இலேயே ஜான்சன் என்ற ஆய்வாளர் எழுதிவைத்தார். அது பூச்சில்லாத இரும்பு. உங்கள் போல்ட்டுக்கு ஜிங்க் மூடி போட்டிருக்கிறது. 4 மணி நேரம், மறக்காதீர்கள்.

கேள்வி: உருகிய ஜிங்கில் முக்கும் ஹாட் டிப் கால்வனைசிங்கில் கரண்டே இல்லையே?

பதில்: ஆசிட் இருக்கிறதே! சான் ஃபிரான்சிஸ்கோ–ஓக்லாந்து பாலத்தில் 2013இல் கால்வனைஸ் செய்த 96 நங்கூரக் கம்பிகளை இழுத்து முறுக்கினார்கள். சில நாட்களில் 32 உடைந்தன. பல ஆண்டுகள் அவை நின்றிருந்த குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. பூச்சு வேலையில் மட்டுமல்ல, பிறகு அரிப்பிலிருந்தும் ஹைட்ரஜன் வரும்.

கேள்வி: வனேடியம், நையோபியம் சேர்த்த எஃகு ஹைட்ரஜனைப் 'பிடித்துவைக்கும்' என்கிறார்களே, எப்படி?

பதில்: நல்ல கேள்வி. ஊறு செய்வது அலையும் ஹைட்ரஜன்தான். ஓரிடத்தில் கட்டுண்டால் விரிசல் முனைக்குப் போக முடியாது. எஃகின் அணு அடுக்கில் உள்ள பிசகுகளான டிஸ்லொகேஷன்கள் மோலுக்கு 20–30 கிலோஜூல் அளவில்தான் பிடிக்கும், அறை வெப்பத்திலேயே விட்டுவிடும். 60 கிலோஜூலைத் தாண்டினால் உறுதியான பொறி, அதாவது பிடித்துவைக்கும் இடம், என்பது பொதுக்கணக்கு. நானோமீட்டர் அளவில் நெருக்கமாகத் தூவிய கார்பைடுகள் (வனேடியம், நையோபியம் கார்பனோடு சேர்ந்த துகள்கள்) இதற்குப் பொருத்தமானவை. 2020இல் சிட்னி பல்கலைக்கழகக் குழு ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியத்தை ஏற்றி, உறையவைத்து, அணு அணுவாகக் காட்டும் ஆட்டம் புரோப் கருவியில் பார்த்தது. நையோபியம் கார்பைடின் விளிம்பிலேயே அது ஒட்டியிருந்தது. ஆனால் பொறிகளுக்கும் கொள்ளளவு உண்டு. ஹைட்ரஜன் வந்துகொண்டே இருந்தால் அவை நிரம்பிவிடும். பெரிய மாங்கனீஸ் சல்ஃபைடுத் துகளும் ஹைட்ரஜனைப் பிடிக்கும். அங்கேயே விரிசலும் தொடங்கும். பொறி என்றாலே நல்லது என்று எண்ணாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. ஹைட்ரஜனா?

பதில்: என்ன எஃகு, எவ்வளவு கடினம், பூச்சு உண்டா, எத்தனை மணி நேரம் கழித்து உடைந்தது? ஒன்றையும் எழுதவில்லை. உடைந்த முகத்தையாவது துடைக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பிரித்துவைத்த 7018 வெல்டிங் ராடைப் பயன்படுத்தலாமா?

பதில்: ராடின் ஈரத்திலிருந்தும் ஹைட்ரஜன் வரும். 350 டிகிரியில் 1–2 மணி நேரம் காயவைத்து, சூடான பெட்டியிலிருந்து எடுத்துப் பயன்படுத்துங்கள். தடித்த, வலிமை மிக்க எஃகானால் வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அன்றே பார்த்து 'பாஸ்' போடாதீர்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் குழாய்க்கு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா?

பதில்: 316எல் வாங்குங்கள். 304ஐ வளைத்தால் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாகிவிடும், அது ஹைட்ரஜனுக்குத் தாங்காது.

கேள்வி: தாமிரத்துக்கும் இது வருமா?

பதில்: ஆக்சிஜன் உள்ள தாமிரத்தை ஹைட்ரஜனில் சூடாக்கினால் உள்ளே நீராவி உண்டாகி வெடிப்பு விடும். ஆக்சிஜன் நீக்கியதைக் கேட்டு வாங்குங்கள்.