கேள்வி நேரம்: போனில் உடையும் மதிப்பெண் வரிசை

கே: ஆன்லைன் சர்வேயில் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறோம். கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருக்கிறது. போனில் 8, 9, 10 மட்டும் அடுத்த வரிக்கு இறங்கிவிடுகின்றன. 'மிகவும் திருப்தி' என்ற சொல் 7-க்குக் கீழே போய் நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

ப: இடம் போதவில்லை, அவ்வளவுதான். விரல் பிசகாமல் பட ஒரு பட்டன் 44 பிக்ஸல் அகலமாவது வேண்டும். 11 பட்டனுக்கு 484. பல போன்களின் திரை அகலமோ, இணையப் பக்கக் கணக்கில் (CSS பிக்ஸல்), 360 சொச்சம். பட்டனைச் சுருக்கினால் 8-ஐத் தொடப்போய் 9-ல் விழும். பக்கவாட்டில் நகர்த்தும்படி வைத்தால் 10 இருப்பதே பலருக்குத் தெரியாது. எனவே திரை 600 பிக்ஸலுக்குக் குறைந்தால் வரிசை செங்குத்தாக மாறும்படி மீடியா குவெரி (திரை அகலத்துக்கு ஏற்பப் பக்க அமைப்பை மாற்றும் CSS விதி) எழுதுங்கள். சொற்களைத் தனி வரியில் மிதக்கவிடாமல், '10 – மிகவும் திருப்தி' என்று அந்தந்தப் பட்டனுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். 5 புள்ளிகள் போதுமென்றால் கிடைமட்டமாகவே வைக்கலாம்.

கம்ப்யூட்டரிலும் ஒன்றைப் பாருங்கள். அட்டவணையாக அமைத்திருந்தால், நீளமான சொல் உள்ள கட்டம் தானாக அகலமாகி, நடுப்புள்ளி ஓரமாகத் தள்ளப்படும். CSS-ல் டேபிள் லேஅவுட்டை 'ஃபிக்ஸட்' (table-layout: fixed) ஆக்கி, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அகலம் கொடுங்கள். 'தெரியாது' என்ற விடையை வரிசையோடு ஒட்டாதீர்கள். இடைவெளி விட்டு, கோடு போட்டுப் பிரியுங்கள். ஒட்டினால் கண்ணுக்கு நடுவாகத் தெரிவது உண்மையான நடு அல்ல. பதில்களும் அந்தப் பக்கம் சாயக்கூடும். எந்தப் பட்டனும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கவும் கூடாது.