வீடும் வளவும்: கிணற்றைப் பார்த்துவிட்டுத் தடாகம் வெட்டுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. கொக்குவிலில் எங்களுக்கு 4 பரப்பு வளவு. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, வீட்டுக் கோடியில் பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் தடாகமும் பக்கத்தில் சின்ன ஸ்பாவும் கட்டச் சொல்லிப் படம் அனுப்பியிருக்கிறார். உள்ளளவு 25 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். கொந்தராத்துக்காரரிடம் முழுதாகக் கொடுக்காமல், மேசனையும் ஆட்களையும் பிடித்து நானே நின்று செய்விக்கலாமா? எங்கே தொடங்குவது?
வாசகர், கொக்குவில்

பதில்: செய்விக்கலாம் தம்பி. அரியாலையில் எங்கள் வளவில் இருப்பதை நானே நின்றுதான் செய்வித்தேன். இவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு தண்ணீருக்குள் நடந்து பழக வேண்டும் என்றார்கள், அதற்காகக் கட்டியது. முன்னே 31 வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவள் நான். அப்படியிருந்தும் ஒரு பெரிய பிழை விட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டி இரண்டாம் வருடம், கார்த்திகை மாதம், அடித்தளத்தில் இரண்டு டைல்ஸ் கழன்றுவிட்டன. காய்ந்தால்தான் பசை பிடிக்கும் என்று ஒட்ட வந்தவர் சொல்ல, தண்ணீர் முழுவதையும் இறைத்தோம். ஒப்புக்கொண்டது நான்தான். அன்றிரவு நல்ல மழை. விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால், ஆழமான பக்கத்தில் தடாகத்தின் விளிம்புக்கும் நடைபாதைச் சீமெந்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிற அளவு வெடிப்பு. விளிம்பு மேலே நின்றது. தொட்டி கிளம்பியிருந்தது. அடியில் போன மூன்று பைப்பும் முறிந்து போயின.

இது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் அளவிலேயே கணக்குப் பாருங்கள். 8 அங்குலச் சுவரும் 8 அங்குல அடித்தளமும் போட்டால் வெறும் தொட்டியின் பாரம் ஏறக்குறைய 30 தொன். அதன் வெளிப் பரப்பு 350 சதுர அடி அளவு. நிலத்தடி நீர் அடித்தளத்துக்கு மேலே 1 அடி ஏறினால் 10 தொன் மேல்நோக்கித் தள்ளுகிறது. 3 அடி ஏறினால் 30 தொன். அதற்கு மேல் ஒரு சாண் ஏறினாலும் வெறும் தொட்டி வள்ளம் போல மிதக்கத்தான் பார்க்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது உள்ளே 34,000 லீற்றர், அதாவது இன்னொரு 34 தொன் அமர்த்திப் பிடித்திருப்பதால் பயமில்லை. நம் குடாநாட்டின் அடியில் இருப்பது ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள்ளால் கெதியாக இறங்கி, கிணற்று மட்டத்தை நாளுக்கு நாள் உயர்த்துகிறது. அண்ணாவின் படத்தை வரைந்தவருக்கு இந்த நிலம் தெரியாது.

ஆகவே தொடங்குகிற இடம் உங்கள் கிணறு. மார்கழியில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, நிலமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் டோர்ச் அடித்துக் கிணற்றின் உட்கட்டைப் பாருங்கள். பாசி படிந்த கோடு ஒன்று தெரியும். மாரித் தண்ணீர் ஏறி நின்ற அடையாளம் அது. கிணற்றோடு பழகிய அயல் வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். அந்தக் கோடு நிலத்திலிருந்து 3 அடிக்குள் இருந்தால், 4 அடியையும் தோண்டி இறக்க வேண்டாம். 2 அடி நிலத்துக்குள், 2 அடி மேலே என்று கட்டுங்கள். மேலே நிற்கும் சுவர் இருந்து கதைக்கத் திண்ணை மாதிரி ஆகிவிடும், கல் உடைக்கிற செலவும் பாதியாகும். எது எப்படியென்றாலும் ஆழமான இடத்தில் சல்லிப் படுக்கை போட்டு, நிலத்தடி நீர் அழுத்தினால் உள்ளே திறந்து விடுகிற வால்வு ஒன்று வையுங்கள். பக்கத்தில் 4 அங்குலக் குழாய் ஒன்றை அடித்தள மட்டத்துக்கும் கீழே போகும்படி நிறுத்திவிட்டால், பிறகு எப்போதும் குச்சி விட்டு அடித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் குழாய் இருந்திருந்தால் அன்று இறைத்திருக்க மாட்டேன்.

தொட்டி இடத்தைக் குறிக்கும்போது மலசலகுழியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலக்கிப் பிடியுங்கள். பிரதேச சபை அனுமதியைத் தைப்பொங்கலுக்கு முன்னமே கேட்டு வைத்து, பங்குனி சித்திரையில் வெட்டுங்கள். ஆடி, ஆவணியில் நல்லூரில் கொடி ஏறினால் 25 நாளும் ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும்.

நீங்களே மேற்பார்வை என்றால் இரண்டு நாட்கள் கட்டாயம் வளவில் நில்லுங்கள். வேறு எந்த நாளில் கடைக்குப் போனாலும் பரவாயில்லை. ஒன்று, பைப்பை மூடுகிற நாளுக்கு முதல் நாள். எல்லா வாயையும் அடைத்து, தண்ணீர் அழுத்தம் ஏற்றி, கேஜ் போட்டு இரவு விடுங்கள். எங்களுக்கு மாலையில் 20 காட்டிய முள் காலையில் 14இல் நின்றது. தேடித் தேடி ஒரு எல்போவில் கண்டுபிடித்தோம். பசை பூசியிருந்தது, பைப் முழுதாக உள்ளே போகவில்லை, ஒரு மயிரிழை ஈரம். கொங்கிரீட் மூடிய பிறகு அதைத் தெரிந்திருந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. மூடுமுன் ஒவ்வொரு பைப்பிலும் அளவு ரேப்பை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

மற்றது கொங்கிரீட் நாள். கடற்கரை மணலும் உவர்த் தண்ணீரும் கலவைக்குள் வரக் கூடாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும். கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் 2 அங்குலம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒழுக்கு அநேகமாக அடித்தளமும் சுவரும் சேருகிற மூட்டில்தான் வரும். அங்கே வாட்டர் ஸ்டொப் பட்டி இல்லாமல் சுவருக்குப் பலகை அடிக்க விடாதீர்கள். பிறகு ஒரு கிழமையாவது சாக்குப் போட்டு நனையுங்கள். 28 நாள் ஆனதும், டைல்ஸுக்கு முன்பே நிரப்பி 7 நாள் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் ஒழுக்கா வெயிலா என்று அறிய, படியில் ஒரு வாளி தண்ணீர் வைத்து வாளிக்கு உள்ளும் வெளியும் கோடு போடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில். மேசனுக்குக் கடைசிப் பங்கு காசு இந்த 7 நாளுக்குப் பிறகு என்று முதலிலேயே பேசி, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு என்கிறீர்கள். அடியில் உறிஞ்சும் வாய் ஒன்று மட்டும் வைக்காதீர்கள். இரண்டு வாய் வையுங்கள், 3 அடி இடைவெளியில், தலைமயிர் இழுபடாத மூடியோடு. சுற்றி 4 அடி வேலியும் தானாக மூடும் படலையும் இல்லாமல் தண்ணீர் விட வேண்டாம். கரண்ட் வேலைக்குத் தெரிந்த ஆளைப் பிடித்து 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

கேள்வி: ஸ்பா மட்டும் போதும் என்று நினைக்கிறோம். கணவருக்கு நாரி நோவு. 1,500 லீற்றர் தொட்டி. கரண்ட் பில் தாங்குமா?
வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, 28 பாகையில் இருக்கும் 1,500 லீற்றரை 38க்குக் கொண்டுவர 17 அலகுக்கு மேல் வேண்டும். மூடி போட்டு வைத்தால் அடுத்த நாளைக்கு அவ்வளவு ஆகாது. கூரையில் சூரிய வெப்பத் தட்டு வைக்க முடிந்தால் அதுவே நல்லது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ஹீற்றரிலும் படியும். ஹீற்றரைக் கழற்றிக் கழுவக் கூடிய இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். சூட்டில் குளோரீன் கெதியாகப் போய்விடும், ஒவ்வொரு முறையும் இறங்குமுன் சோதியுங்கள். 40 பாகைக்கு மேல் வேண்டாம், 15 நிமிடம் போதும். பிரஷர், இருதய வருத்தம் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கேள்வி: வீட்டுக் கிணற்றாலேயே தடாகத்தை நிரப்பலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: ஒரே நாளில் வேண்டாம். நம் நன்னீர் உவர் நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர் 40 அடி வரை ஏற இடமுண்டு என்பது பழைய கணக்கு. கரைக்குக் கிட்ட இருக்கிறீர்கள், கவனம். நாளுக்கு 3,000 லீற்றர் இறைத்து, ஆறவிட்டு, அடுத்த நாள் வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் நிறுத்திவிட்டு பவுசரில் எடுங்கள். குளோரீன் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விட வேண்டாம், கல்லுக்குள்ளால் திரும்ப உங்கள் குடத்துக்கே வரும். மணல் பில்ற்றருக்குப் பதில் கழற்றிக் கழுவுகிற காட்ரிட்ஜ் பில்ற்றர் போட்டால் கழுவி ஊற்றுகிற தண்ணீரும் குறையும்.