செம்பனை தெரிந்தது, ஓடுபாதை தெரிந்ததா?

ஐயா, வணக்கம்.

1977-இல் சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எல்மினா தோட்டத்தில் விழுந்த ஜப்பான் விமானத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். போன மாதம் திருச்சியிலிருந்து திரும்பினேன். விடியற்காலை, ஒரே பனிமூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே செம்பனை, செம்மண் பாதை, அதில் நின்ற லோரி வரைக்கும் தெரிந்தது. இதோ இறங்கிவிட்டோம் என்று நினைத்தபோது விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. இன்னொரு முறை முயன்றுகூடப் பார்க்காமல் பினாங்குக்குக் கொண்டுபோய் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கே தெரிந்த தரை பைலட்டுக்குத் தெரியாதா? ஒட்டுக்கடையில் சொன்னால், "அந்தக் காலத்து பைலட்டா இருந்தா இறக்கியிருப்பான், இப்ப உள்ளவனுங்களுக்குப் பயம்" என்கிறார்கள். புகார் கொடுக்கலாமா?

மு. ச., பத்தாங் பெர்ஜுந்தை

அன்புள்ள மு. ச.,

உங்களுக்குத் தரை தெரிந்ததும் உண்மை, பைலட்டுக்குத் தெரியாததும் உண்மையாகத்தான் இருக்கும். நீங்கள் நேர் கீழே பார்த்தீர்கள். அவர் முன்னால் பார்க்க வேண்டும். விமானம் ஏறக்குறைய 3 டிகிரி சரிவில் இறங்கும். 200 அடி உயரத்தில், அதாவது 60 மீட்டரில் இருக்கும்போது, சக்கரம் தொட வேண்டிய இடம் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். உங்களுக்கும் செம்பனைக்கும் நடுவில் 60 மீட்டர் பனி, அவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் 1,100 மீட்டர் பனி. கொசுவலையை நேராகப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும், சாய்த்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் துணிதான்.

200 அடி என்று சும்மா சொல்லவில்லை. ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் முறைகளில் முதல் வகைக்குப் பொதுவாக அதுதான் இறங்குவதா, ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரம். ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் தூரமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் வழக்கமான கணக்கு. அந்த உயரத்தில் ஓடுபாதை முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன்னால் நட்டிருக்கும் விளக்கு வரிசை தெரிந்தாலே தொடரலாம். செம்பனையும் லோரியும் அந்தக் கணக்கில் சேராது! இன்னும் கீழே போகவும், விமானம் தானாகவே இறங்கவும் வேறு வகைகள் இருக்கின்றன. ஆனால் விமானம், ஓடுபாதை, பைலட்டின் பயிற்சி மூன்றுக்கும் அதற்கான தகுதி இருந்தாக வேண்டும்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் விமானத்தை ஓட்டுவார், மற்றவர் கருவிகளைக் கண்காணித்து உயரத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். 200 அடியில் "மினிமம்ஸ்", அதாவது முடிவெடுக்கும் உயரம் வந்துவிட்டது என்று குரல் வரும். பதில் இரண்டில் ஒன்றுதான்: இறங்குகிறேன், அல்லது மேலே போகிறேன். அதே வேகத்தில் இறங்கினால் தரைக்கு இன்னும் 17 விநாடிதான். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு நேரமே கிடையாது. அதனால்தான் யோசனையையெல்லாம் முன்பே, உயரத்தில் நிதானமாகப் பறக்கும்போதே முடித்துவிடுகிறார்கள். எந்த உயரத்தில் எது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறுவது, எந்த ஊருக்குப் போவது, எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று இருவரும் வாய்விட்டுப் பேசி வைத்திருப்பார்கள். பல நிறுவனங்களில் துணை விமானி "கோ அரவுண்ட்" என்று சொல்லிவிட்டால் கேப்டன் மறுபேச்சில்லாமல் ஏறியாக வேண்டும். என்னைக் கேட்டால், நம் ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்கும் இந்த விதியைக் கொண்டுவரலாம்.

இன்னொரு முறை முயன்றிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய கால் மணி நேரமாவது ஆகும். பினாங்கு போய்ச் சேர எண்ணெய், அதற்கு மேல் 30 நிமிடம் பறக்க எண்ணெய், இந்த இரண்டிலும் கைவைக்க முடியாது. வெயில் ஏறினால்தான் விலகும் பனிக்காக மிச்ச எண்ணெயைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்து பைலட் இறக்கியிருப்பான் என்கிறார்களா? சரி, இறக்கினார்கள். 1977 செப்டம்பர் 27 அன்று சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.-8, ஓடுபாதை கண்ணில் படும் முன்பே அனுமதித்த உயரத்துக்குக் கீழே போனது. அதனால்தான் எல்மினா ரப்பர் மரங்களுக்கு நடுவே குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். 1983 டிசம்பரில் அதே சுபாங்கில் மழையில் இறங்க வந்த ஏர்பஸ் ஒன்றும் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. அதில் இருந்த 247 பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். ஒட்டுக்கடை நண்பர்கள் சொல்லும் துணிச்சல் இதுதான். உங்கள் பைலட் பயந்து ஏறியிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்புறம், புகார். மேலே ஏறியதற்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நான் அந்த பைலட் பக்கம்தான் சாட்சி சொல்வேன். தண்ணீர் கொடுக்காததற்குத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணிகளுக்கு உணவு தர வேண்டும் என்று 2016-இல் வந்த மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. போர்டிங் பாஸ் இன்னும் கையில் இருந்தால் அதைப் படம் எடுத்து, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உட்கார வைத்தார்கள் என்று குறிப்பிட்டு, முதலில் அந்த விமான நிறுவனத்துக்கே எழுதுங்கள்.