செகண்ட் ஹேண்ட் ஜீப் வாங்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்ததும் மண் பாதை, நடுவே ஓர் ஓடை. டெல்லிப் பதிவுள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ் ஸ்கார்பியோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் நல்ல நிலையில் இருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இன்ஜினை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஸ்கார்பியோ, பொலேரோ, சுமோ எல்லாமே லாரி மாதிரி தனிச் சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பாடியை உட்கார வைத்த வண்டிகள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். சேஸ் வளைந்திருந்தால், விரிசல் விட்டிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

வாட்டர் சர்வீஸ் லிஃப்டில் ஏற்றி, பின் ஆக்சில் பிராக்கெட்டுகள் சேஸோடு சேரும் இடத்தையும் குறுக்குச் சட்டங்களின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; துரு தின்ற இடம் மந்தமாகத்தான் சத்தம் கொடுக்கும். ஒரே இடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் தெரிந்தால், சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே வெல்டிங் இருக்கலாம். சேஸில் குத்திய எண்ணையும் ஆர்.சி.யில் உள்ளதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

அடுத்து டிஃப்ரன்ஷியல் ஆயில்; ஆக்சில் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃப்ரன்ஷியல். ஆயில் ஊற்றும் துளையின் மூடியை (ஃபில்லர் பிளக்) கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடி ஓடிச் சூடேறிய ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் சிறு துவாரமான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதே ஆயிலோடு ஓட்டினால் பேரிங், க்ரவுன் பினியன் பல்சக்கரங்கள் எல்லாம் தேயும். உங்கள் பாதையிலும் ஓடை இருப்பதால், வாங்கிய பிறகும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவைத் தார் ரோட்டில் போட்டுத் திரும்பிச் சோதிக்காதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். இந்த வண்டியிலோ ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வழுக்கிவிட மண் இல்லாததால் அழுத்தம் முழுக்க, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். மண் தரையில் ஃபோர் லோ (ஃபோர் வீல் டிரைவின் மெதுவான, அதிக இழுவை கியர்) போட்டு ஏற்றத்தில் மெதுவாக ஏறச் சொல்லுங்கள். 'டக் டக்' சத்தம் வந்தால் பேரத்தை நிறுத்துங்கள்.

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015 முதலே கெடுபிடி. மலிவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். படிவம் 28-இல் டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வராமல் முன்பணம் வேண்டாம். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30, இங்கே புது எண் வாங்க 27. சாலை வரி தனி. அதையும் கூட்டிப் பார்த்து விலை பேசுங்கள்.

மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாதாரண (டூ வீல் டிரைவ்) பொலேரோ போய் வருகிறதென்றால், நல்ல டயரோடு உள்ளூர்ப் பதிவுள்ள பொலேரோவே உங்களுக்குப் போதும்.