பந்து திரும்பக் கிடைக்கிற மைதானம்

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன், வயது 61. நவம்பர் பிறந்தால் என் கோல்ஃப் மட்டைகள் பேஸ்மெண்டுக்குப் போய்விடும், ஏப்ரல் கடைசியில்தான் வெளியே வரும். வருகிற பிப்ரவரியில் மூன்று வாரம் விடுமுறை எடுத்திருக்கிறேன். வெயில் அடிக்கிற ஊரில், கண்ணுக்கு அழகாகவும் ஆடக் கடினமாகவும் இருக்கிற மைதானங்களில் ஆட ஆசை. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 24. நண்பர்கள் டொமினிகன் குடியரசுக்குப் போகச் சொல்கிறார்கள். மனைவி ஆடமாட்டார். அவருடைய அக்கா கண்டியில் இருப்பதால் இலங்கைக்குப் போகலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மனைவி சொல்வதைக் கேளுங்கள். வீட்டு அமைதிக்காகச் சொல்லவில்லை, உங்கள் ஹேண்டிகேப்புக்காகச் சொல்கிறேன்.

நண்பர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் ‘டீத் ஆஃப் த டாக்’ மைதானமாக இருக்கும். பீட் டை வடிவமைத்து 1971ல் திறந்தது. பதினெட்டுக் குழிகளில், அதாவது ஆட்டப் பகுதிகளில், ஏழு கரீபியன் கடலை உரசிக்கொண்டு போகும். கரையோரத்துக் கூரான பவளப் பாறையை உள்ளூர்த் தொழிலாளர்கள் ‘நாய்ப்பல்’ என்று சொல்ல, அதுவே பெயராக நின்றுவிட்டது. அழகில் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம்தான் லீவு என்றால் உங்கள் ஊரிலிருந்து அதுதான் பக்கம், நானே போங்கள் என்பேன். ஆனால் 24 ஹேண்டிகேப் ஆட்டக்காரருக்கு அங்கே கடினம் என்றால் பந்து கடலுக்குள் போவது. போனால் போனதுதான். தேட வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை, பையிலிருந்து அடுத்த பந்தை எடுக்க வேண்டியதுதான். சரிவும் காற்றும் தருகிற கடினம் வேறு மாதிரி. பந்து கண்ணெதிரே கிடக்கும், ஆனால் இடது கால் மேலே, வலது கால் கீழே. அடுத்த அடியை எப்படி அடிப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டு நிற்போம். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வகைதான் காசுக்கு மதிப்பு.

அந்த வகையில் முதல் இடம் இலங்கையின் விக்டோரியா கோல்ஃப் மைதானத்துக்கு. கண்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், திகனவை அடுத்த ராஜவெல்லயில் இருக்கிறது. வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல். மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா நீர்த்தேக்கம் ஒரு பக்கம், நக்கிள்ஸ் மலைத்தொடர் இன்னொரு பக்கம். தரை எங்கேயும் சமமாக இருக்காது. நான் முதல் தடவை போனபோது வீம்புக்குப் பின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் மேடைகளில் குழிக்கு மிகத் தூரமானது) ஆரம்பித்தேன். மூன்றாவது குழி முடிவதற்குள் நாலு பந்து காலி. மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது குழியில் பையைத் தூக்கிக்கொண்டுபோய் முன் டீயில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் மலையையே நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் அந்த வீம்பை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பந்து உருளும் பாதை என்று கேடி காட்டுவதை நம்புங்கள். கிரீன், அதாவது குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை, மலையை நோக்கி ஏறுவதுபோலத் தெரியும், பந்து தண்ணீர்ப் பக்கம் சரியும். இரண்டு ரவுண்டாவது வையுங்கள், முதல் ரவுண்டு கண்ணைப் பழக்கவே சரியாகிவிடும். நீங்கள் ஆடுகிற காலையில் மனைவி அக்கா வீட்டில் இருக்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு நீங்களும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நேராகக் கண்டிக்குப் போகாதீர்கள். உங்கள் ஊருக்கும் இலங்கைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், உடம்பு பழக இரண்டு மூன்று நாள் வேண்டும். அந்த நாட்களைக் கொழும்பில் கழியுங்கள். பொரளையில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் இருக்கிறது, 1879ல் தொடங்கியது. தட்டையான மைதானம், நடக்கச் சுலபம். நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது. நீங்கள் மட்டையை ஓங்கும்போது அலுவலக ரயில் தடதடவென்று வந்தால் இறக்கிவிட்டுக் காத்திருங்கள், ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் எப்படியும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து அம்பாந்தோட்டை. கொழும்பிலிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் சுமார் மூன்று மணி நேரம். அங்குள்ள ஷாங்ரி-லா ஹோட்டலின் 18 குழி மைதானம் தென்னந்தோப்பு, பழைய இரத்தினக்கல் சுரங்க நிலம், கடலோர மணல்மேடு என்று மூன்று விதமான தரையில் போகிறது. கடல் உண்டு, ஆனால் பந்து அதைத் தாண்டிப் பறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காற்றுதான் அங்கே எதிராளி. நாட்டின் முதல் காற்றாலைகளை இந்த ஊரில்தான் நட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் டிரைவரை, அதாவது தூரம் அடிக்கிற பெரிய மட்டையை, எடுத்தால் பந்து யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. காலை ஆறரைக்கு முதல் ஆளாக இறங்குங்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது. கையுறை மூன்று வேண்டும், ஒன்பது குழியில் ஒன்று வியர்வையில் ஊறிவிடும்.

நுவரெலியாவை உங்கள் பட்டியலில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. வெயில் தேடி வருகிறீர்கள், அங்கே பிப்ரவரிக் காலையில் பல் கிடுகிடுக்கும். ஆனாலும் 1889ல் தொடங்கிய கிளப், சுமார் 1,870 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் 150 கெஜம் போகிற அடி 160ஐத் தொடும், வயதான காலத்தில் இந்தச் சந்தோஷம் வேறெங்கே கிடைக்கும்! மைதானத்தை ஒட்டி மேஜர் ராஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் ஆங்கிலேயர், 1845ல் மின்னல் தாக்கி இறந்தார். அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்பார்கள். ஊர்க்கதையை விடுங்கள், இடி கேட்டால் மட்டையைப் பையில் போட்டுவிட்டுக் கிளப்புக்குள் போய்விடுங்கள். பயணம் மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனால் மதிய இடிமழைக்கு வாய்ப்பு அதிகம், அப்போது இது இன்னும் முக்கியம்.

கடைசியாக, விக்டோரியாவில் ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கீழே தெரிகிற தண்ணீருக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் இருக்கிறது. வறண்ட ஆண்டுகளில் அதன் கட்டடங்கள் வெளியே தெரியும். உங்கள் மனைவியின் அக்காவுக்கு அந்த ஊர் மூழ்குவதற்கு முந்தைய கடைத்தெரு நினைவிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.