சாவைப் பார்த்துப் பயந்த மகளை நர்சிங்கிலிருந்து நிறுத்தலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம், வார்டு போஸ்டிங்கில் கண்ணெதிரே ஒரு பெரியவர் தவறிவிட்டார், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, 'இந்தப் படிப்பே வேண்டாம்' என்கிறாள், நிறுத்திவிட்டுக் காரைக்குடியில் பி.காம். சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்மா. முதல் சாவைப் பார்த்து ஆடிப்போவது நர்சிங் பிள்ளைகளுக்குச் சகஜம், அதை வைத்து இவளுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று முடிவு கட்ட முடியாது.

முதலில் அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். 'பயந்தியா' என்று கேட்காதீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு உறுத்துவது சாவு இல்லை, 'நான் எதையோ கவனிக்காமல் விட்டதால்தான் போய்விட்டாரோ' என்ற எண்ணமும், அழுகிற வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் நின்றதும்தான். இதை அவள் தன் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம், அதாவது வார்டில் கூட இருந்து வேலை சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரிடம், வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் வயதுப்பிள்ளையைக் கேத வீட்டுக்குக் கூட்டிப் போவதில்லை, போனாலும் வாசலோடு சரி. அப்படி வளர்த்துவிட்டுப் பத்தொன்பது வயதில் வார்டில் நிறுத்தினால் பிள்ளை எப்படித் தாங்கும்? டியூட்டி முடிந்து வந்தால் குளிக்கச் சொல்லுங்கள், அது சுத்தம். தீட்டு, சகுனம் என்று மட்டும் பேச வேண்டாம்.

சாகப்போகிறவரைப் பார்த்துக்கொள்வது மனதைக் கல்லாக்கிக்கொள்கிற விஷயமும் இல்லை, கற்றுக்கொள்கிற வேலை, நர்சிங் பாடத்திலேயே இருக்கிறது. விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரைப் புகட்டக் கூடாது, பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் துடைக்க வேண்டும், படுக்கைப்புண் வராமல் அவ்வப்போது புரட்டிவிட வேண்டும், நினைவில்லை என்றாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கை வேலை பழகப் பழக நடுக்கம் குறையும். வெறுமனே நிறையச் சாவைப் பார்த்தால் போதாது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அதனால்தான் இன்ஸ்ட்ரக்டரைச் சொன்னேன்.

நம் ஊர்களை யோசித்துப் பாருங்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அவ்வளவு பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்து பார்க்கத் தெரிந்த நர்ஸ் எத்தனை வீடுகளுக்கு வேண்டியிருக்கிறது! 2021இல் வந்த தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே போய் நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கிற கவனிப்பு, தருவது உண்டு.

அப்புறம், இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. அவசரம் என்று தோன்றினால் இரண்டு வாரம் வரை காத்திருக்கவே வேண்டாம்.

இதெல்லாம் செய்து பார்த்து, அடுத்த செமஸ்டர் முடிந்தும் அவள் வேண்டாம் என்றால் அப்போது பேசுவோம். படிப்பை முடித்தவர்களுக்குச் சமுதாய நலப் பணி, கண் மருத்துவமனை, பள்ளி நர்ஸ், கற்பித்தல் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரியப்பா சித்தப்பா எல்லாம் வேண்டாம், நீங்கள் இரண்டு பேர் போதும்.